மீட்டிங் முடிந்தால் எது மாறும்?

மீட்டிங் முடிந்து வெளியே வரும் மூன்று பேரைத் தனித்தனியாக நிறுத்தி, "என்ன முடிவாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்த அலுவலகத்துக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. ஒருவர், "டிசைன் மாத்தணும்னு பேசிக்கிட்டோம்" என்பார். இன்னொருவர், "அதை அடுத்த வாரம் பார்க்கலாம்னு சார் சொல்லிட்டாரே" என்பார். மூன்றாமவர், "எனக்கு ஒண்ணும் சொல்லலை" என்று தன் இடத்துக்குப் போய்விடுவார். மூவரும் ஒரே மேசையைச் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள்.

மீட்டிங் அதிகமாகிவிட்டது என்ற புலம்பல் எல்லா அலுவலகங்களிலும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் வேலை நடந்துவிடாது. மீட்டிங் கூப்பிடுகிறவருக்கு, அது முடிகிறபோது எது மாறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆர்டரை எடுக்கிறோமா விடுகிறோமா, இரண்டு வெண்டர்களில் யாருக்குக் கொடுக்கிறோம், எந்தத் தேதியில் ரிலீஸ் என்று ஏதாவது ஒரு கேள்விக்கு அங்கே விடை கிடைக்க வேண்டும். அது தெரியாமல் கூப்பிட்ட மீட்டிங்கை எவ்வளவு கெட்டிக்காரர் நடத்தினாலும் உருப்படியாக நடத்த முடியாது.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். மாதம் 60,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்கிறார் என்றால் அவருடைய ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 340 ரூபாய். அப்படிப் பத்துப் பேர் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வருடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகிறது. நாற்காலி வாங்க மூன்று பேர் கையெழுத்து கேட்கும் நிறுவனங்களில்கூட, இந்தச் செலவுக்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படுவதில்லை. காலண்டரில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில், இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்ளும் தொடர் மீட்டிங்குகளைக் காலண்டரிலிருந்து மொத்தமாக நீக்கியது. அதே ஆண்டு ஜூலையில், மீட்டிங் போடும்போதே அதற்கு உத்தேசமாக எவ்வளவு செலவாகும் என்று காட்டும் வசதியையும் ஊழியர்களின் காலண்டரில் சேர்த்தது. எல்லா நிறுவனமும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அழைப்பை அனுப்பும் முன் அந்தத் தொகையை மனத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் நல்லது.

திருப்பூரில் ஒரு மேசை

நல்ல மீட்டிங்குக்கு உதாரணம் கேட்டால் நான் திருப்பூரைத்தான் காட்டுவேன். ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனிகளில் பி.பி. மீட்டிங் என்று ஒன்று உண்டு. ப்ரீ-புரொடக்‌ஷன் என்பதன் சுருக்கம். சாம்பிளுக்குப் பையர் ஒப்புதல் கொடுத்த பிறகு, மொத்தத் துணியையும் கட்டிங் டேபிளில் விரிப்பதற்கு முன் நடப்பது. மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், புரொடக்‌ஷன் மேனேஜர், லைன் சூப்பர்வைசர், குவாலிட்டி பார்ப்பவர் என்று ஆறேழு பேர் உட்காருவார்கள். மேசைமேல் பையர் ஒப்புதல் கொடுத்த சீல்டு சாம்பிள், அளவெல்லாம் எழுதிய டெக் பேக், லேபிளும் பட்டனும் நூலும் ஒட்டிய ட்ரிம் கார்டு, துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்ற டெஸ்ட் ரிப்போர்ட், பக்கத்தில் ஒரு இஞ்ச் டேப்.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சாம்பிள் கைமாறிக்கொண்டே போகிறது. லைன் சூப்பர்வைசர் அம்மா கழுத்துப் பட்டியான ரிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கிறார். பிறகு பல்க்குக்கு, அதாவது மொத்த உற்பத்திக்கு வந்திருக்கும் ரிப் துண்டை இழுத்துப் பார்க்கிறார்.

"மாஸ்டர், சாம்பிள்ல ரிப் நல்லா இழுக்குதுங்க. பல்க்குக்கு வந்தது டைட்டா இருக்குது. இதைப் போட்டா குழந்தைக்குத் தலை நுழையாதுங்க."

"ரெண்டும் ஒரே ஜிஎஸ்எம் தானேம்மா?"

"ஜிஎஸ்எம் ஒண்ணுதானுங்க. சாயம் வேற லாட்டுங்க."

பேட்டர்ன் மாஸ்டர் டேப்பை எடுத்து, ரிப்பை முழுக்க இழுத்து அளக்கிறார். டெக் பேக் கேட்கும் அளவுக்கு விரியவில்லை. "அப்ப கட்டிங்கை நிறுத்திடலாமா?" என்கிறார் மேனேஜர். கட்டிங் மாஸ்டர் மறுப்பாகத் தலையாட்டுகிறார்: "வேண்டியதில்லீங்க சார். பாடி வெட்டலாம், அதுல பிரச்சினை இல்லை. ரிப்பை மட்டும் நிறுத்தி வைங்க. வந்திருக்கிற ரிப்புலயே ரெண்டு சைஸ் தைச்சு சாயங்காலத்துக்குள்ள பார்த்துடலாம்." மெர்ச்சண்டைசர் எழுதுகிறார்: பாடி கட்டிங் இன்று தொடக்கம், ரிப் கட்டிங் நிறுத்தம், இரண்டு சைஸ் தைத்துக் கழுத்து விரிவைப் பார்ப்பது லைன் சூப்பர்வைசர், மாலை 5 மணிக்குள், சரிவராவிட்டால் டையிங்கில் பேசுவது மெர்ச்சண்டைசர். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள்.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பேசும் பொருள் மேசைமேல் இருந்தது, ஆளுக்கொரு கற்பனையில் பேச வழியில்லை. அந்த வேலையைக் கையால் செய்யப்போகிறவர்களே உட்கார்ந்திருந்தார்கள். பதவியில் கீழே இருந்தவர்தான் குறையைக் கண்டுபிடித்தார், அவர் சொன்னதும் யாரும் வாதாடவில்லை, டேப்பை எடுத்து அளந்தார்கள். "கட்டிங் ஆரம்பிக்கலாமா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த விடையும் ஆமாம் இல்லை என்று நிற்காமல், எது போகலாம், எது நிற்கட்டும் என்று பிரிந்து வந்தது. ரிப் பிரச்சினை இந்த மேசையில் தெரியாமல் போயிருந்தால் தைத்து முடித்து ஃபைனல் செக்கிங்கில்தான் தெரிந்திருக்கும். அப்போது ஆயிரக்கணக்கான பீஸில் கழுத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும், ஷிப்மெண்ட் தேதியோ மாறாது.

இதே பி.பி. மீட்டிங்குக்கான ஃபார்மை, துணி வெட்டி முடித்த பிறகு பையரின் ஆடிட்டுக்காக நிரப்பிக் கையெழுத்து வாங்கி வைக்கும் கம்பெனிகளும் உண்டு. அவர்களிடமும் பி.பி. மீட்டிங் ஃபைல் கனமாகத்தான் இருக்கும். மீட்டிங் எந்த நேரத்தில் நடக்கிறது என்பது அதில் என்ன பேசுகிறோம் என்பதைப் போலவே முக்கியம் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் தொழிலிலும் கத்திரி வைக்கும் இடம் ஒன்று இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், கோடு லைவ் போகும் முன், ஆள் எடுக்கும் கடிதம் அனுப்பும் முன், கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றும் முன். எதற்குப் பிறகு திரும்பி வருவது கஷ்டமோ அதற்கு முந்தின நாளில் மீட்டிங்கை வையுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை என்பதை அந்த வேலையே சொல்லிவிடும்.

கூப்பிட வேண்டாதவை

தகவல் சொல்வதற்கு மீட்டிங் வேண்டாம், மெயில் போதும். யார் எவ்வளவு முடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு ஷீட் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்ல மற்ற ஒன்பது பேர் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்குள் இருக்கும் சிக்கலை அந்த இரண்டு பேரும் ஒரு டீக்கடை வரை நடந்து பேசித் தீர்க்கலாம். ஒருவருடைய தவறைக் கண்டிப்பதைத் தனியறையில்தான் செய்ய வேண்டும். பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கியவர் அடுத்த மீட்டிங்கில் எந்தப் பிரச்சினையையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு வகை உண்டு. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, ஆனாலும் எல்லோரையும் கலந்து பேசியதாக இருக்கட்டும் என்று கூப்பிடுவது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். "இப்படி முடிவு பண்ணியிருக்கோம், காரணம் இது" என்று நேராகச் சொல்லிவிடலாம். கருத்துக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, சொன்னதைக் கண்டுகொள்ளாமல் விடும்போது உண்டாகும் கசப்பு நெடுநாள் நிற்கும்.

அஜெண்டாவில் கேள்விக்குறி

"தீபாவளி விற்பனை" என்று எழுதியிருந்தால் அது தலைப்பு. அதைப் பற்றி யாரும் எதையும் எவ்வளவு நேரமும் பேசலாம். "தீபாவளிக்கு மதுரைக் கடையில் கூடுதலாக நான்கு பேரை எடுக்கலாமா?" என்று எழுதினால் அது கேள்வி. யார் வர வேண்டும், யார் வர வேண்டாம், என்ன கணக்கு கையில் வேண்டும் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அஜெண்டாவின் ஒவ்வொரு வரியையும் கேள்வியாக எழுதிப் பாருங்கள். கேள்வியாக எழுத வராத வரியை எடுத்துவிடலாம்.

அஜெண்டா முன்கூட்டியே போக வேண்டும். நம் நாட்டின் கம்பெனிகள் சட்டம் 2013, இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தரச் சொல்கிறது. அதையொட்டிய செயலகத் தரவிதிகள் அஜெண்டாவையும் விளக்கக் குறிப்புகளையும்கூட அதே ஏழு நாளுக்கு முன்பே அனுப்பச் சொல்கின்றன. உங்கள் டீம் மீட்டிங்குக்கு ஏழு நாள் வேண்டாம், முந்தின நாள் மதியம் போதும். மீட்டிங் அறைக்குள் நுழைந்த பிறகுதான் விஷயமே தெரிகிறது என்றால், வந்தவர்கள் யோசித்துப் பேசவில்லை, தோன்றியதைப் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

வரிசையிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கமிட்டியைக் காட்டுகிறார். அணு உலை கட்டும் தீர்மானம் சில நிமிடங்களில் நிறைவேறுகிறது, ஏனென்றால் பெரும்பாலோருக்கு அது புரியவில்லை. ஊழியர்களின் சைக்கிள் ஷெட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் கருத்து இருக்கிறது, நேரம் இழுக்கிறது. நம் அலுவலகங்களிலும் ஐடி கார்டு கயிறு என்ன கலர் என்பதற்கு அரை மணி நேரமும், புது சாஃப்ட்வேர் ஒப்பந்தத்துக்கு ஐந்து நிமிடமும் போவதைப் பார்க்கலாம். கனமான கேள்வி முதலில் வரட்டும். கயிற்றின் கலரை ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்லைடுக்குள் ஒளிந்துகொள்வது

அமேசானில் 2004 ஜூனில் ஜெஃப் பெஸோஸ் தன் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதிலாக வந்தது ஆறு பக்கத்துக்கு மிகாத, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து அதைப் படிப்பார்கள், படித்து முடித்த பிறகுதான் பேச்சு. முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் முன்கூட்டி அனுப்பினாலும் படிக்காமல் வருகிறவர்கள் எங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, படிக்கும் நேரத்தை மீட்டிங்குக்குள்ளேயே கொண்டுவந்த ஏற்பாடு இது. முழு வாக்கியமாக எழுத உட்கார்ந்தால், "ஏன்?" "அதனால் என்ன?" என்ற இரண்டு கேள்விகளிலிருந்தும் தப்பிக்க முடியாது. நாலு வார்த்தைப் புள்ளி வரிசையில் தப்பிக்கலாம்.

அப்படித் தப்பிப்போன ஒரு விஷயத்தின் விலையை உலகம் பார்த்திருக்கிறது. 2003 ஜனவரி 16-இல் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருந்த நாட்களிலேயே பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளை வைத்துப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்ற எண்ணத்தைத் தந்தது. கீழே, கடைசி வரிசையில், சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருந்தன: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாக மதிப்பிட்டது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. சோதனை முடிவுகளை இந்த மோதலுக்குப் பொருத்தவே முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடு சொல்லியிருக்க வேண்டிய செய்தி. பிப்ரவரி 1-ஆம் தேதி, திரும்பி வரும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் கொடுத்த அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பேசியது. இதைப் படிக்கும் மூத்த அதிகாரி, உயிர் போகும் ஆபத்தைப் பற்றிப் படிக்கிறோம் என்றே உணராமல் போயிருக்கலாம் என்றது. தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடு கொடுக்கும் பழக்கத்தையும் கண்டித்தது.

நம் கூட்டங்களில் பெரும்பாலும் உயிர் சம்பந்தப்பட்டிருக்காது. ஆனாலும் கெட்ட செய்தியைக் கடைசி ஸ்லைடின் கடைசி வரியில் வைக்கும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. "சின்ன டிலே இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்புவது அதுதான். குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "15-ஆம் தேதி முடியாது. 24 ஆகும். காரணம் இது. 15-க்கே வேண்டுமென்றால் இந்த இரண்டு அம்சங்களை விட வேண்டும்." ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது. இப்படி எழுதி வந்த ஊழியரை முதல்முறை எரிந்து விழாமல் கேட்கும் மேனேஜருக்கு, அதன்பிறகு எல்லாக் கெட்ட செய்தியும் நேரத்தோடு வரும்.

முதலில் பேச வேண்டியவர்

இந்திய ராணுவ விதிகள் 1954-இல் ராணுவ நீதிமன்றத்துக்கு ஒரு விதி இருக்கிறது. உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் மிகக் கீழே இருப்பவரிடமிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். கர்னல் சொன்ன பிறகு கேப்டன் மாற்றிச் சொல்லத் தயங்குவார் என்பது கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ராணுவத்துக்கே தெரிந்திருக்கிறது.

நம் அலுவலகங்களில் தலைகீழ். சார் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிட்டு, "நீங்க எல்லாம் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். அதற்கு "கரெக்ட் சார்" என்ற ஒரு பதில்தான் உண்டு. வயதுக்கும் பதவிக்கும் மரியாதை கொடுத்து வளர்ந்தவர்கள் நாம், அது குறையில்லை. அந்த மரியாதைக்குப் பங்கம் வராமல் உண்மை வெளியே வர வழிசெய்ய வேண்டியது மேலே இருப்பவரின் பொறுப்பு. "நான் கடைசியா பேசுறேன். நேத்து ஜாயின் பண்ணினவங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொன்னால் போதும். முதல் இரண்டு தடவை அறை மௌனமாக இருக்கும். பொறுத்திருங்கள், மூன்றாவது தடவை யாராவது பேசுவார்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சென்னை, கோவை அலுவலகங்களில் சிறு ஊர்களிலிருந்து வந்த எத்தனையோ திறமையான பொறியாளர்கள், மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கிறது என்ற ஒரே காரணத்தால் வாயைத் திறப்பதில்லை. கேன்டீனில் அதே பிரச்சினையைத் தமிழில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்வார்கள். அறையில் இருக்கும் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழில் பேசுங்கள், மினிட்ஸை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். தமிழ் தெரியாத ஒருவர் இருந்தாலும் அவருக்குப் புரியும் மொழிக்கு மாறிவிட வேண்டும். அவரை உட்கார வைத்துக்கொண்டு தமிழில் சிரித்துப் பேசுவது அவரை வெளியே அனுப்புவதற்குச் சமம். அப்படிப்பட்ட மீட்டிங்கில், ஆங்கிலத்தில் தயங்குபவர்களின் கருத்தை முந்தின நாளே எழுத்தில் வாங்கிவிடலாம்.

புது யோசனைகள் வேண்டும் என்று எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துப் பேசச் சொல்லும் வழக்கத்தையும் திருத்திக்கொள்ளலாம். யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1958-இலேயே காட்டியது: தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒன்றாக உட்கார்ந்து யோசித்த குழுவைவிட அதிகம் இருக்கிறது. 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் இதற்கு முக்கியக் காரணத்தைக் கண்டார்கள். குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், தன் முறைக்குக் காத்திருக்கும்போதே யோசனை அறுந்துவிடுகிறது. ஆகவே முதல் பத்து நிமிடம் ஆளுக்கொரு தாளில் எழுதட்டும், பிறகு சேர்த்து வைத்துப் பேசுங்கள்.

பெரிய முடிவு எடுக்கும் நாளில் உளவியலாளர் கேரி க்ளைன் சொல்லும் பயிற்சி ஒன்றையும் செய்து பார்க்கலாம். "இந்த ப்ராஜெக்ட் ஒரு வருஷம் கழிச்சு படுதோல்வி அடைஞ்சிருச்சுன்னு வச்சுக்குவோம். ஏன் தோத்துச்சுன்னு எழுதுங்க" என்று கேட்பது. "ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் மௌனமாக இருப்பவர்கள், இதற்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சாரின் திட்டத்தை எதிர்ப்பதாக அது ஆகாது, கொடுத்த வேலையைச் செய்ததாகவே ஆகும்.

கடிகாரம்

ஸ்க்ரம் முறையில் வேலை செய்யும் டீம்களில் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான் என்பது விதி. டீம் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிடுவதற்கான நேரம் அது. பல இடங்களில் அது மேனேஜரிடம் ஒவ்வொருவராக ஒப்பிக்கும் நேரமாகி, முக்கால் மணி வரை ஓடுகிறது. இருவருக்குள் விவாதம் கிளம்பினால் "இதை முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்று யாராவது ஒருவர் வெட்ட வேண்டும். அந்த ஒருவரை வாரம் ஒருவராக மாற்றுங்கள்.

கோடு எழுதுபவர், கணக்கு முடிப்பவர், வரைபடம் போடுபவர் ஆகியோருக்குக் காலை நேரத்தை உடைக்காதீர்கள். 10.30-க்கு அரை மணி மீட்டிங் போட்டால் அவர்களுக்குப் போவது அரை மணி இல்லை, முற்பகல் முழுவதும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வைத்தால் முடியும் நேரமும் தானாக வந்துவிடும்.

அமெரிக்க கிளையண்ட்டோடு பேசுகிறவர்களுக்குத் தனிச் சுமை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிஃபோர்னியாவில் 9 மணி என்றால் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நம் இரவு ஒரு மணி நேரம் நகர்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் கம்பெனி கேபை நம்பி வீடு போகிறவருக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். இதைக் கிளையண்ட்டிடம் பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒரு வாரம் நம் இரவு, மறு வாரம் அவர்களுடைய அதிகாலை என்று மாற்றி வைக்கக் கேட்கலாம். கேட்காததால்தான் பல டீம்களில் வருடக்கணக்காக நாமே விழித்திருக்கிறோம். குறைந்தபட்சம், பத்துப் பேர் லைனில் உட்காராமல் இரண்டு பேர் பேசிவிட்டுக் காலையில் மற்றவர்களுக்கு எழுத்தில் சொல்லலாம்.

யார், என்ன, எந்தத் தேதி

"பார்த்துக்கலாம்", "ஃபாலோ-அப் பண்ணிடலாம்", "டீம் எடுத்துக்கும்". இந்த மூன்றிலும் ஆளின் பெயர் இல்லை. பெயர் இல்லாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள், அதற்காக யாரையும் குறை சொல்லவும் முடியாது. மினிட்ஸில் பேசியதையெல்லாம் எழுத வேண்டாம். என்ன முடிவு, அதை யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் போதும். "மார்க்கெட்டிங்" என்று துறையின் பெயரை எழுதாதீர்கள், ஒரே ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள். இரண்டு பெயர் எழுதினால் இருவரும் மற்றவர் செய்வார் என்று இருப்பார்கள். மீட்டிங்கின் கடைசி ஐந்து நிமிடத்தில் அதை உரக்கப் படியுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்ற குரல் அப்போதே வரட்டும், இரண்டு வாரம் கழித்து வந்தால் யாருக்கும் பயனில்லை.

இயக்குநர் குழுக் கூட்டத்தின் மினிட்ஸ் வரைவை 15 நாளுக்குள் சுற்றுக்கு விட வேண்டும் என்பது செயலகத் தரவிதி. சாதாரண மீட்டிங்கின் மினிட்ஸ் அன்று மாலைக்குள் போக வேண்டும்.

குறிப்பெடுப்பதும் டீ சொல்வதும் பல அலுவலகங்களில் அறையில் இருக்கும் பெண்ணின் வேலையாகவே ஆகிவிடுகிறது. எழுதிக்கொண்டிருப்பவர் பேச முடியாது. சிறப்பான யோசனை வைத்திருக்கும் ஒருவரைப் பேனாவோடு கட்டிப்போடுகிறோம். பெயர் வரிசைப்படி மாற்றிக்கொள்ளுங்கள், மேனேஜரின் பெயரும் அந்த வரிசையில் இருக்கட்டும்.

மேனேஜராக இல்லாதவர் என்ன செய்யலாம்?

இதுவரை சொன்னதில் பாதி, மீட்டிங் கூப்பிடும் அதிகாரம் உள்ளவர்களுக்கானது. அந்த அதிகாரம் இல்லாமல், கூப்பிட்ட இடத்தில் போய் உட்காரும் நிலையில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் வழி உண்டு.

அழைப்பு வந்ததும் பணிவாக ஒரு பதில் போடுங்கள்: "சார், நாளைக்கு மீட்டிங்கில் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று சொன்னால், அதற்கான டேட்டாவைத் தயாராக எடுத்துவருகிறேன்." இதில் யாருக்கும் வருத்தம் வராது. கூப்பிட்டவர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போது அஜெண்டா தானாகப் பிறந்துவிடும், சில நேரம் மீட்டிங்கே தேவையில்லை என்று அவருக்கே தோன்றும். உங்களுக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்தால், "முதல் பதினைந்து நிமிஷம் இருந்து என் பகுதியைச் சொல்லிட்டுப் போகட்டுமா மேடம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

பேச்சு காற்றில் போகிறபோது, "அப்ப இதை யார் பண்றாங்க சார்? வெள்ளிக்கிழமைன்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்பதற்குப் பதவி தேவையில்லை. கையில் நோட்டு இருந்தால் போதும்.

வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமே ஆனவர்களுக்கு இன்னொரு யோசனை. உங்கள் டீமில் மினிட்ஸ் எழுத ஆளே இல்லையென்றால் கொஞ்ச நாள் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுவதற்காகவே, "இது புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று பெரியவர்களை நிறுத்திக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். எந்தத் துறை எதற்காக யாரிடம் காத்திருக்கிறது என்று ஆறு மாதத்தில் மொத்தக் கம்பெனியும் உங்களுக்குப் பிடிபடும். அன்று மாலையே மெயில் அனுப்பி, அடியில் "திருத்தம் இருந்தால் நாளை காலை 11 மணிக்குள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த மெயில்களைத் தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயருக்கு எதிரே இருந்த வேலைகளில் எதை எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்று அதே ஃபோல்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். அப்ரைசலுக்கு உட்காரும்போது அதை அச்செடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கலாம்.